மூன்றாவது அழைப்பு

மகள் எழுதுவதை எல்லாம் கண்ணாடியக்கா ஒன்று விடாமல் படிப்பாள். படிக்கிறாள் என்பது மகளுக்குத் தெரியாது.

கண்ணாடியக்கா என்பது கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கோணிப்போன ஃபிரேமைச் சூடு காட்டி நிமிர்த்துவாள், கழன்ற காதுக்கம்பியைத் திருகி முடுக்குவாள், மூக்கை அழுத்தும் பட்டையை மாற்றிக் கொடுப்பாள். மதியம் கூட்டம் வடிந்ததும் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தூள் படிந்த விரலை மேல்கோட்டில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுப்பாள்.

மகள் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் விளையாட்டு. அதிலும் சுடுவதும் வெட்டுவதும் அவளுக்குப் பிடிக்காது. போலீஸாக ரோந்து போவது, தீயணைப்பு வண்டி ஓட்டுவது, அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைவது என்று, நிஜத்தில் யாரோ வயிற்றுப் பாட்டுக்குச் செய்வதை விளையாட்டாக்கி விற்கிறார்களே, அவைதான் அவளுக்கு உயிர். ஆடி முடித்ததும் அதை விற்கும் இணையப் பக்கத்திலேயே தன் கருத்தை எழுதுவாள். புனைபெயர் சிடுமூஞ்சி. அது சின்ன வயதில் அவள் அப்பா வைத்த பட்டப்பெயர்.

அவள் கருத்துக்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. ஒரு போலீஸ் விளையாட்டைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: "நாள் முழுக்க ரோந்து சுத்தினேன். தப்பா நிறுத்தின வண்டிக்கெல்லாம் அபராதம் போட்டேன். ஒருத்தன்கூட 'நான் யார் தெரியுமா'ன்னு கேக்கலை. இது போலீஸ் வேலையா, தேவலோகத்துல உத்தியோகமா?" கம்ப்யூட்டர் பூட்டு உடைக்கும் விளையாட்டு ஒன்றுக்கு: "பாஸ்வேர்டு கண்டுபிடிக்கப் பச்சை எழுத்து மழையா கொட்டுது. எங்க மேனேஜர் பாஸ்வேர்டு அவர் மேஜையிலேயே ஒட்டியிருக்கு. எதுக்கு இந்தப் பாடு?"

பாதி புரியாவிட்டாலும் கண்ணாடியக்காவுக்குச் சிரிப்பு வரும். வீட்டில் மகள் இப்படிப் பேசுவதில்லை. சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா, இவ்வளவுதான் பேச்சு. மகளின் குரலைக் கேட்க அந்த ஃபோன் திரையை விட்டால் அவளுக்கு வேறு இடம் கிடையாது.

இப்படி ஆனது அவள் புருஷன் செத்த பிறகு. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்து குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்துவிட்டார். கண்ணாடியக்கா அவசர உதவிக்கு ஃபோன் செய்தாள். ஆம்புலன்ஸ் தெருவின் மறுகோடியில் போய் நின்று, வீடு தேடி, திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாமதம் ஏன் என்று கேட்டதற்கு, அழைத்தவர் முகவரியைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று கண்ட்ரோல் ரூமில் பதில் சொன்னார்கள். மறுநாள் வீடு நிறைய ஆள் இருக்கும்போதே புருஷனின் அண்ணன், "ஒரு விலாசம் சொல்லத் துப்பில்லாம எங்க தம்பியை வாரிக் குடுத்துட்டாளே" என்றார். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகள் அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தாள். பெரியப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாத வார்த்தை கண்ணாடியக்காவின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. தான் சரியாகத்தான் சொன்னோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அது இருக்கட்டும். தன் நெஞ்சின் வாயையே அவளால் மூட முடியவில்லை.

ஒரு மதியம் சிடுமூஞ்சி புதிதாக எழுதியிருந்தாள். அவசர உதவிக் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, வருகிற அழைப்புகளை எடுத்து, கேள்வி கேட்டு, வண்டி அனுப்பும் விளையாட்டு. கண்ணாடியக்கா வழக்கம்போல் சிரிக்கத் தயாராகப் படித்தாள்.

"விளையாட்டு நல்லா இருக்கு. ஆனா அந்த மூணாவது அழைப்பை எழுதின புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சாகணும். புருஷன் குளியலறையில விழுந்து கிடக்கான். பொண்டாட்டி ஃபோன் பண்றா. என்ன சொல்றா? 'அடுப்புல பால் இருக்குங்க, அணைச்சிட்டு வரட்டுமா?' சரி, பதட்டம்னு விட்டுடலாம். அடுத்தது கேளுங்க. 'அவர் காலையில வேலைக்குப் போகணுங்க.' உலகத்துல எந்தப் பொம்பளை இப்படிப் பேசுவா? எழுதினவருக்குப் பொண்டாட்டியும் இல்லை, கூடப் பொறந்தவளும் இல்லைன்னு நினைக்கிறேன். இந்த மண்டூகத்துக்கு வண்டி அனுப்புறதை விட லைனைத் துண்டிச்சிடலாம்னு இருந்துச்சு."

கீழே சிரிப்பு முகங்கள் வரிசை கட்டி நின்றன. சிடுமூஞ்சி எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்று ஒருவர். வயிறு வலிக்கிறது என்று இன்னொருவர்.

கண்ணாடியக்கா இரண்டாம் முறை படித்தாள். லென்ஸ் மிஷின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பாலைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்குப் போகணும் என்று சொன்னதும் அவளுக்கும், அந்தப் பக்கம் ஃபோனில் இருந்தவனுக்கும்தான் தெரியும். அன்றைக்கு அது அவள் வாயிலிருந்து ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியாது. குளியலறை வாசலில் குத்துக்காலிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள். காலையில் வேலைக்குப் போகவேண்டிய மனுஷன் இப்படிப் படுத்திருக்கலாமா என்றுதான் தோன்றியது.

முன்னால் மணி அடித்தது. வாடிக்கையாளர். ஃபோனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். ஒரு கிழவருக்கு ஃபிரேமை நிமிர்த்தும்போது சூடு அதிகமாகி, காதுப்பக்கப் பிளாஸ்டிக் பொசுங்கிப்போனது. அந்தக் கடையில் அவள் கையால் பொசுங்கிய முதல் ஃபிரேம் அது.

சாயங்காலம் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"அந்தக் கண்ட்ரோல் ரூம் விளையாட்டு இருக்காமே. எனக்கு ஒரு தரம் காட்டேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா இதையெல்லாம் கேட்டதே இல்லை. "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?" என்றவள், அம்மா நகராததைப் பார்த்து, ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டாள். முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

"மூணாவது கால் போடு."

"அதுவா? செம காமெடிம்மா அது. எனக்கும் கேக்கட்டும், இரு." ஸ்பீக்கரில் போட்டாள்.

திரையில் மேஜை, வரைபடம், மணி ஒலி. எடுத்ததும் ஒரு பெண் பேசினாள். சின்ன வயசுக் குரல், சினிமாவில் அழுகிற மாதிரி அழகாக அழுதது. குரல் யாருடையதோ. வார்த்தை மட்டும் கண்ணாடியக்காவுடையது. அவர் விழுந்துட்டாருங்க. எழுப்புனா எழலைங்க. அடுப்புல பால் இருக்குங்க. தெருப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். "பழைய நம்பர் பதினேழு, புது நம்பர் நாப்பத்தொண்ணு, புது நம்பர்தான் கேட்ல எழுதியிருக்கு" என்று அந்தக் குரல் பிசிறில்லாமல் சொன்னது.

தெளிவாகத்தானே சொல்லியிருக்கிறேன் என்று கண்ணாடியக்கா நினைத்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அப்படி நினைத்தாள்.

திரையில் மூன்று கட்டங்கள் வந்தன. அடுத்து என்ன கேட்பது என்று விளையாடுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணாடியக்கா மவுஸை வாங்கி, 'முகவரியை மறுபடி கேள்' என்பதை அழுத்தினாள்.

"ஐயோ, அதை ஏம்மா அழுத்துற? அது பொறி. அதையே அழுத்திட்டிருந்தா ஆள் காலி. எவனாவது மூணு தரம் முகவரி கேப்பானா? முதல்ல மூச்சு இருக்கான்னு கேக்கணும். இல்லைன்னு சொல்லுவா. உடனே நெஞ்சுல கை வெச்சு அழுத்தச் சொல்லணும். அவ்வளவுதான், வண்டி லேட்டா போனாலும் அவர் பொழைச்சுக்குவார். சின்னப் பசங்களே முதல் ஆட்டத்துல காப்பாத்திடுறாங்க."

"என்கிட்ட கேக்கலை," என்றாள் கண்ணாடியக்கா.

"என்ன கேக்கலை?"

"மூச்சு இருக்கான்னு. முகவரி, முகவரின்னு மூணு தரமும் அதையேதான் கேட்டான். நெஞ்சை அழுத்துன்னு யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா அழுத்தியிருப்பேன். கை ரெண்டும் சும்மாதானே இருந்துச்சு."

ஸ்பீக்கரில் அந்தப் பெண், அவர் காலையில வேலைக்குப் போகணுங்க என்றாள். மகள் எட்டி ஒலியை அணைத்தாள்.

"அம்மா... அந்தப் பால்..."

"பொங்கி வழிஞ்சு அடுப்பெல்லாம் கருகிக் கிடந்துச்சே. மறுநாள் வந்து நீதானே சுரண்டித் தேய்ச்சே."

மகள் அம்மா பக்கம் திரும்பி, "நான் எழுதினதைப் படிச்சியா?" என்றாள்.

"படிச்சேன்."

"அது நீன்னு எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுதான். எல்லாரும் தெரியாமத்தான் பேசினாங்க."

மகள் அழுதாள். கண்ணாடியக்காவுக்கு அவள் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. கை போகவில்லை.

அப்புறம் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விளையாட்டின் கடைசியில் ஓடும் பெயர்களைத் திறந்தாள். ஆடுகிற யாரும் அவற்றைப் படிப்பதில்லை, அவளும் படித்ததில்லை. ஆலோசகர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அவள் சித்தப்பாவின் பெயர். கண்ணாடியக்காவின் தங்கை புருஷன், அன்று அவள் ஃபோன் செய்த அதே கண்ட்ரோல் ரூமில்தான் சூப்பர்வைசர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் தங்கை வீட்டுக்குப் போனார்கள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பேப்பரை விரித்து அதன்மேல் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நகவெட்டியை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"பேரு இல்லை, ஊரு இல்லை, குரலும் வேற. யாருக்கும் தெரியாதுக்கா," என்றார்.

"எனக்குத் தெரியுதே தம்பி."

"விளையாட்டுக் கம்பெனிக்காரங்க நிஜமா நடந்த மாதிரி பத்து கால் எழுதிக் குடுங்கன்னாங்க. எனக்கென்ன கதை எழுதவா தெரியும்? கேட்டதைத்தானே எழுத முடியும்."

"அப்ப என் கால் உங்க காதுக்கு வந்திருக்கு."

"மறுநாளே போட்டுக் கேட்டோம்."

"நான் விலாசம் சரியா சொன்னேனா, இல்லையா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"சொன்னீங்க," என்றார்.

"அப்புறம் எதுக்கு என் தலையில போட்டீங்க?"

"அன்னிக்கு லைன்ல இருந்தவன் புதுசுக்கா. ஆள் பத்தலை, பழகுறதுக்கு முன்னாடியே உக்கார வெச்சுட்டோம். உண்மையைச் சொன்னா அவன் வேலை போகும், என் வேலை போகும், மேல ரெண்டு பேர் வேலை போகும். உங்க பேர்ல போட்டா..." அவர் நகவெட்டியை எடுத்து மறுபடி வைத்தார். "உங்க பேர்ல போட்டா யாருக்கும் எதுவும் போகாதுன்னு நினைச்சோம்."

மகள் எழுந்துவிட்டாள். "எங்கம்மாவுக்கு என்ன போச்சுன்னு தெரியுமா சித்தப்பா?"

"எனக்கும் உறுத்தல் இருந்துச்சும்மா. அதனாலதான் அந்த விளையாட்டுல சரியா கேட்டா அவர் பொழைக்கிற மாதிரி எழுதிக் குடுத்தேன். தினம் எத்தனை பேர் அவரைக் காப்பாத்துறாங்க தெரியுமா?"

அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கண்ணாடியக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"நல்ல காரியம் பண்ணீங்க தம்பி. அங்க பொழைச்சவர் வீட்டுக்கு எப்ப வருவார்னு கேட்டுச் சொல்லுங்க."

வாசல் வரை வந்த தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நடந்தது நடந்துபோச்சு. இனிமே கிளறி என்ன ஆகப்போகுது? எனக்கும் புள்ளைங்க இருக்கு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், வெளியில போகவேண்டாம்."

"இந்த ரெண்டு வருஷமா என் வீட்டுக்கு வந்து உக்காந்து, 'விடுக்கா, பதட்டத்துல யாருக்கும் வாய் குழறும்'னு எனக்குச் சமாதானம் சொன்னியே. அப்ப உனக்குத் தெரியுமா?"

தங்கை வாசல்படியைப் பார்த்தாள். கண்ணாடியக்கா தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

அன்றைக்கே மகள் தன் பழைய கருத்தை எடுத்துவிட்டு, வேறு ஒன்று எழுதினாள். அந்த அழைப்பு நிஜம், பேசியது என் அம்மா, செத்தது என் அப்பா, நான் சிரித்தது தப்பு என்று நேராக எழுதினாள். கிண்டல் ஒரு வரிகூட இல்லை. அதனாலேயே அவள் எழுதியதாகப் பலர் நம்பவில்லை.

"சிடுமூஞ்சி அக்கவுண்டை எவனோ திருடிட்டான் போல. பூட்டு உடைக்கிற விளையாட்டு ஆடுற ஆளுக்கே இந்தக் கதியா!" என்றார் ஒருவர். "விளம்பரத்துக்கு அப்பனைக் கொல்லாதீங்க" என்றார் மற்றொருவர். நம்பியவர்களும் இருந்தார்கள். அதில் ஒருவர் இரக்கத்தோடு எழுதியிருந்தார்: "வருத்தமா இருக்கு. ஆனா நெஞ்சை அழுத்தணும்னு உங்க அம்மாவுக்கே தோணியிருக்க வேண்டாமா?" மகள் அதைப் படித்ததும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு அடுக்களைக்குப் போய், சுத்தமாக இருந்த அடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

எடுத்த பழைய கருத்தும் ஒழியவில்லை. அதற்குள் யார் யாரோ பிரதி எடுத்துப் பரப்பியிருந்தார்கள். ஒரு நாள் கடைக்கு இரண்டு கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். ஒருவன் நாற்காலியில் சாய்ந்து தூங்குகிற மாதிரிக் கண்ணை மூட, மற்றவன், "எழுப்புங்கடா, அவர் காலையில வேலைக்குப் போகணுங்க" என்று பெண் குரலில் சொன்னான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணாடியக்கா ஃபிரேமைத் துடைத்து உறையில் போட்டு, "பத்திரமா வெச்சுக்கங்கப்பா" என்று கொடுத்தாள். அவர்களிடம் என்ன சொல்ல முடியும்?

விளையாட்டு நிறுவனம் ஒரு பத்தியில் வருத்தம் தெரிவித்து, மூன்றாவது அழைப்பை நீக்கியது. நீக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பழையது இருக்கும்போதே வாங்கிவிட வேண்டுமென்று ஆட்கள் முண்டியடித்தார்கள். கண்ட்ரோல் ரூமுக்குத் தாயும் மகளும் புகார் கொடுத்தார்கள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஒரு வருடத்துக்கு மேல் எந்தப் பதிவையும் வைத்திருப்பதில்லை, விளையாட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். தங்கை புருஷனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. தங்கை பேச்சை நிறுத்திக்கொண்டாள். பெரியப்பாவுக்கு மகளே ஃபோன் போட்டு விவரம் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருந்தாலும் ஆள் வாசல்ல போய் நின்னிருக்கலாமே" என்றார்.

மழை பிடித்திருந்த ஒரு மதியம், ஒல்லியான ஒருவன் கடைக்குள் வந்தான். கண்ணாடி எதுவும் கொண்டுவரவில்லை. குடையை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டு, "நீங்கதானே..." என்று தொடங்கி நிறுத்தினான். பிறகு சொன்னான். "அன்னிக்கு உங்க காலை எடுத்தது நான்தாம்மா."

கண்ணாடியக்கா அவனைப் பின்னறைக்கு அழைத்துப் போனாள். முக்காலியைக் காட்டினாள். அவன் உட்காரவில்லை. அந்த வேலையை அப்போதே விட்டுவிட்டதாகவும், இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குவதாகவும் சொன்னான். அவள் மகள் எழுதியதைப் படித்துவிட்டு, மறக்காத அந்த விலாசத்துக்குப் போய்க் கடையை விசாரித்து வந்திருந்தான்.

அவள் முதலில் கேட்டது இதைத்தான். "மூச்சு இருக்கான்னு ஏம்பா கேக்கலை?"

"கேக்கணும்னு தெரியும்மா. அதுதான் அடுத்த பக்கத்துல இருந்துச்சு. எங்க மிஷின்ல முகவரி ஏறாம அடுத்த பக்கமே திறக்காது. புது நம்பரைப் போட்டா அப்படி ஒரு வீடே இல்லைன்னு சிவப்புல காட்டும். பழைய நம்பரைப் போட்டா மறுகோடியைக் காட்டும். திரும்பக் கேட்டுப் போட்டா அது ஏறிடும்னு நினைச்சுத்தான் மூணு தரம் கேட்டேன். கடைசியில பழைய நம்பரையே போட்டு வண்டியை அனுப்பினேன், அதுக்குள்ள நேரம் ஓடிடுச்சு. அந்த விளையாட்டுல நினைச்சதை நினைச்ச நேரத்துல கேக்கலாம். எங்களுக்கு அப்படி இல்லை."

"மிஷின் திறக்கலைன்னா என்னப்பா? வாய் இருந்துச்சே."

அவன் தலை குனிந்தான். "இருந்துச்சும்மா. நான் திரையையே பாத்துட்டிருந்தேன்."

அவன் மன்னிப்புக்காக நிற்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கொடுத்தால் அவன் இலகுவாகிப் போவான். சின்ன வயசு. மகளை விட இரண்டு மூன்று வயது மூத்தவனாக இருப்பான். ஆனால் கொடுக்க அவளிடம் இல்லை. இருந்ததையெல்லாம் அந்த இரண்டு வருடத்தில் தன்னைத் தானே மன்னிக்கப் பார்த்துத் தீர்த்துவிட்டிருந்தாள்.

"இப்பவாவது அந்த மிஷினை மாத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. உள்ள இருக்கிற ஒரு பையன்கிட்ட கேட்டேன். அதேதான் ஓடுது."

"எங்க தெரு நம்பரையாவது அதுல சரி பண்ணாங்களா?"

"தெரியலைம்மா."

அவன் குடையை எடுத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் கண்ணாடியக்கா கடையிலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. தெருவின் ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வீட்டிலும் மணி அடித்தாள். நனைந்த கோட்டோடு வாசலில் நின்று, ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ண வேண்டி வந்தால் நம்பரை மட்டும் நம்பி உட்காரவேண்டாம், யாராவது ஒருத்தர் மெயின் ரோட்டுக்கு ஓடுங்கள், அந்தப் பக்கம் இருப்பவர் கேட்காவிட்டாலும் மூச்சு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் பாதியிலேயே தலையாட்டிக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில், அந்த விலாசம் சொல்லத் தெரியாத அம்மா வந்திருக்கிறார் என்று உள்ளே யாரோ தணிந்த குரலில் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் நின்று, தான் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.